தெருவாசலில் நிற்கும் இரட்டைக் கட்டடங்களைப் படமெடுப்பது எப்படி?

சில தெருக்களின் தொடக்கத்தில் வாசல் தூண்கள் போல ஒரே சாயலில் இரண்டு கட்டடங்கள் நிற்கும். பெர்லினின் பிராங்க்பர்டர் டோர் கோபுரங்கள், ஸ்டாக்ஹோமில் குங்ஸ்காடான் தெருவின் இருபுறமும் 1920களில் எழுந்த கோபுரங்கள் எல்லாம் இந்த வகை. எடுக்கப் போவது கட்டடங்களை என்றாலும், முதலில் பார்க்க வேண்டியது நடுவில் ஓடும் தெருவை.

1. நடுக்கோட்டில் நில்லுங்கள். கண்மதிப்பை நம்பாதீர்கள். தெருப்பக்கம் திரும்பியிருக்கும் உட்சுவர்களைத் திரையில் பாருங்கள். இடது கட்டடத்தின் உட்சுவர் அதிகமாகத் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் தள்ளி நிற்கிறீர்கள், இடப்பக்கம் நகருங்கள். இரண்டும் சமமானால் சரி. பெரும்பாலும் அரை அடிதான் வித்தியாசம் இருக்கும். சாலை நடுவே நிற்காமல், பாதசாரிகள் கடக்கும் இடத்தையோ நடுத்திட்டையோ பயன்படுத்துங்கள்.

2. கேமராவை அண்ணாந்து பிடிக்காதீர்கள். பிடித்தால் கோபுரங்கள் உள்பக்கம் சாயும். திரையில் கட்டக்கோடுகளை (grid) ஆன் செய்து, மட்டமாகப் பிடித்து, பின்னால் நகருங்கள். கீழே மிஞ்சும் தரையை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

3. அகலக் கோணம் வேண்டாம். போனில் 0.5 மடங்கு ஜூமில் எடுத்தால் தெருக்கோடி சுருங்கிப்போகும். தள்ளிப் போய் 2 மடங்கில் எடுங்கள். பாரிஸின் ரூ ராயல் இதற்கு நல்ல பாடம்: தெருமுனையில் கட்டடக் கலைஞர் கப்ரியேல் வடிவமைத்த இரு மாளிகைகள், மறுகோடியில் மதலேன் தேவாலயம். மாளிகைகளுக்கு முன்னாலுள்ள சதுக்கத்தில் எவ்வளவு பின்னால் போய் ஜூம் செய்கிறீர்களோ, அந்தத் தேவாலயம் அவ்வளவு பெரிதாக இடைவெளியை நிரப்பும்.

4. வெளிச்சம். இடைவெளியில் வானம் வெளுத்து, சுவர்கள் கறுத்துப்போவதுதான் வழக்கமான தொல்லை. வானத்தைத் தொட்டு வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். சூரியன் மறைந்து தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் நேரம் இன்னும் நல்லது. போன் இல்லாமல் தனிக் கேமரா என்றால் முக்காலி, எஃப்/8 (லென்ஸ் துளை அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்வு அளவு), 2 நொடி டைமர்.

5. திருத்தும்போது இரண்டையும் ஒன்றாக்கப் பார்க்காதீர்கள். ரோமின் பியாஸ்ஸா டெல் போபோலோ சதுக்கத்தில் வியா டெல் கோர்சோ தெருவின் இருபுறமும் நிற்கும் தேவாலயங்கள் இரட்டையர் என்றே பெயர் பெற்றவை. ஆனால் இடதுபக்க மனை குறுகலானது. அதனால் அந்தத் தேவாலயத்தை நீள்வட்டமாகவும் வலதுபக்கத்ததை வட்டமாகவும் கட்டினார்கள். குவிமாடங்கள் துல்லியமாகப் பொருந்தவில்லை என்று படத்தை இழுத்து வளைத்தால், தெரு கோணலாகிவிடும்.