இலவச ராக் திருவிழா: கடைசிக் குழு வரை காதும் காலும் தாங்க ஒரு நாள் திட்டம்

முதல் தடவை திறந்தவெளி ராக் திருவிழாவுக்குப் போனபோது மதியம் இரண்டு மணிக்கே முன்வரிசைக்குப் போய்க் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நான் யாருக்காகப் போனேனோ அந்தக் குழு மேடையேறியது இரவு ஒன்பதரைக்கு. அதற்குள் கால் மரத்து, தண்ணீர் தீர்ந்து, காதில் பஞ்சை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. நெஞ்சில் வைத்துக் கொண்டாடிய கிட்டார் சோலோ வெறும் இரைச்சலாகக் கேட்டது. அதற்குப் பிறகு மூன்று நாள் காதுக்குள் ரீங்காரம். அடுத்தடுத்த திருவிழாக்களில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். கடைசிக் குழுவை முழுதாகக் கேட்க வேண்டும். மற்ற எல்லா ஏற்பாடும் அதற்காகத்தான்.

படி 1: முந்தைய நாள்

நேர அட்டவணையைப் போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அத்தனை போன்கள் ஒரே மைதானத்தில் கூடும்போது இணையம் படுத்துவிடும். கண்டிப்பாகக் கேட்க வேண்டிய குழுக்கள் என்று மூன்றை மட்டும் குறியுங்கள். மற்ற நேரமெல்லாம் நிழலுக்கும் உட்காருவதற்கும். எல்லாக் குழுவையும் பார்த்துவிடுவேன் என்று கிளம்புகிறவர்கள் சாயங்காலத்துக்குள் சோர்ந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எதையெல்லாம் உள்ளே விடமாட்டார்கள் என்ற பட்டியலையும் படியுங்கள். பையின் அளவு, குடை, பாட்டில் மூன்றிலும்தான் பலர் வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இலவச விழாவுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. டிக்கெட் இல்லாததால் எத்தனை பேர் வருவார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. மைதானம் நிறைந்தால் வாசலை மூடிவிடுவார்கள்; நடுவில் வெளியே போனவர் திரும்பி வர முடியாமலும் போகலாம். வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்.

(இலவசம் என்றால் தரம் குறைவு என்று நினைப்பவர்களுக்கு: போலந்தில் 1995-இல் தொடங்கிய விழா ஒன்று, இன்று போலந்த்ராக் என்ற பெயரில், நுழைவுக் கட்டணமே இல்லாமல் நடக்கிறது. குழந்தைகளின் மருத்துவத்துக்குப் பணம் திரட்டிய தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கப்பட்ட விழா அது. இப்படிப்பட்ட விழாக்களின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. டிக்கெட்டுக்குக் காசு கொடுக்காத இடத்தில், பிடித்த குழுவுக்குக் கைகொடுக்க அவர்கள் டி-ஷர்ட் ஒன்றை விழாவிலேயே வாங்குங்கள்.)

படி 2: உள்ளே போனதும்

தண்ணீர், கழிப்பறை, முதலுதவி, வெளியேறும் வழிகள். நான்கையும் நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. பிறகு நண்பர்களோடு ஓர் இடத்தைப் பேசி வையுங்கள். "மேடைக்கு இடப்பக்கம்" என்று சொல்லாதீர்கள். மேடையைப் பார்த்து நிற்பவரின் இடமா, பாடுகிறவரின் இடமா என்று குழம்பி, நாங்கள் ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் தேடியிருக்கிறோம். எண் எழுதிய விளக்குக் கம்பம் மாதிரி நகராத ஒன்றைச் சொல்லுங்கள், நேரத்தையும் சேர்த்து. போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

படி 3: காது

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் வகுத்த அளவுப்படி, 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். ராக் மேடைக்கு முன்னால் 100 டெசிபல் சாதாரணம். நான் நின்றதோ ஏழரை மணி நேரம்.

சரி என்று அடுத்த முறை ஃபோம் இயர்பிளக் (காதுக்குள் செருகும் மெத்தென்ற அடைப்பான்) வாங்கினேன். ஆனால் அப்படியே காது வாசலில் அழுத்தி வைத்துவிட்டு, "இது ஒன்றுக்கும் உதவாது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வைக்கும் முறை இது:

1. சுத்தமான கையால், மடிப்பு விழாமல் உருட்டி, மெல்லிய குச்சி போல ஆக்குங்கள்.
2. வலது காதுக்கு இடது கை. அந்தக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த காதுக்குழாய் நேராவது இந்த இழுப்பில்தான். நான் விட்டதும் இதைத்தான்.
3. மறு கையால் செருகி, விரலால் 30 விநாடி பிடித்திருங்கள். உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும்.
4. இப்போது இரு உள்ளங்கைகளாலும் காதை மூடி மூடி எடுங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. திரும்ப முதலிலிருந்து.

முதல் குழு தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வலித்த பிறகு போடுவது தாமதம். என் விருப்பம் ஃபோம் அல்ல, இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் ஃபில்டர் வைத்த சிலிகோன் பிளக். ஃபோம், டிரம்ஸில் இருக்கும் சிம்பல் தட்டின் மினுமினுப்பையும் குரலின் தெளிவையும் விழுங்கிவிடும். ஃபில்டர் வகை எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால் பாட்டு பாட்டாகவே கேட்கும். ஃபோம் ஒரு ஜோடி மாற்றுக்குப் பையில் இருக்கட்டும், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் அதுதான் கைகொடுக்கும்.

படி 4: எங்கே நிற்பது

சவுண்ட் இன்ஜினியர் உட்கார்ந்திருக்கும் கூடாரத்துக்கு முன்னால். அவர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் ஒலியைக் கலக்கிறார், அங்கே நிற்கிறவருக்கும் அதே ஒலி கிடைக்கும். மேடைக்கு நேர் நடுக்கோட்டில் பாஸ் எனும் தாழ்ந்த ஒலி திரண்டு அதிரும். கிட்டார் தெளிவாக வேண்டுமென்றால் நாலைந்து அடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நின்றால் டிரம்மர் அடிப்பது கண்ணில் பட்டு, ஓசை சற்றுப் பிந்தி வருவதை நீங்களே உணரலாம்.

படி 5: கூட்டம் இறுகினால்

குதித்து ஆடும் வட்டத்துக்குள் போவதாக இருந்தால் ஷூ நாடாவுக்கு இரட்டை முடிச்சு. யார் விழுந்தாலும் உடனே தூக்கிவிட வேண்டும், அதுதான் அங்கே எழுதாத சட்டம்.

அது வேறு, நெரிசல் வேறு. ஒரு சதுர மீட்டருக்குள் 5 பேருக்கு மேல் அடைந்துவிட்டால் ஆபத்து. எண்ணிக்கொண்டிருக்க முடியாது, உங்கள் கையை முகம் வரை தூக்க இடமில்லை என்றாலே கிளம்ப வேண்டிய நேரம். குத்துச்சண்டைக்காரர் போல இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் காத்துக்கொள்ளுங்கள். தள்ளும் அலையை எதிர்க்காமல், அது ஓயும் இடைவெளியில் குறுக்குவாட்டில் ஓரத்துக்கு நகருங்கள். சுவரையும் தடுப்பையும் ஒட்டி நிற்காதீர்கள். எவ்வளவு பிடித்த பாட்டாக இருந்தாலும் அப்போது வெளியே வந்துவிடுங்கள்.

படி 6: திரும்பும்போது

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஓடாதீர்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து, மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். மறுநாளும் ரீங்காரம் விடவில்லை என்றாலோ, ஒரு காது மந்தமாகவே இருந்தாலோ காது மருத்துவரைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: பிளக் போட்டுக்கொண்டு கூடவே பாடினால் தன் குரலே தலைக்குள் முழங்குகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செருகினால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

இன்னொரு பின்சேர்க்கை: சிறு குழந்தையை அழைத்துப் போகலாமா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். போகலாம், ஆனால் பிளக் வேண்டாம். காதை முழுக்க மூடும் இயர்மஃப் போட்டு, பின்னால் தள்ளி உட்காருங்கள். குழந்தை அதைக் கழற்றிக் கழற்றிப் போட்டால் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள்.