மாதக் கடைசிக்கு மரச்சீனியும் சாளையும்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும்போது கைகொடுப்பது மரச்சீனிதான், அதாவது மரவள்ளிக்கிழங்கு. வயிறு நிரம்பும், சரி. ஆனால் அதிலுள்ள சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து; புரதம் மிகக் குறைவு. கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலுமாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேளையை முடித்துவிடாதீர்கள். கூடவே சாளை, அதாவது மத்தி மீன் வேண்டும். நெய்மீனுக்கு (வஞ்சிரம்) கொடுக்கும் காசில் வீட்டுக்கே சாளை வாங்கிவிடலாம், சத்தில் அது ஒன்றும் இளைத்ததில்லை. பொடிச் சாளையாகப் பார்த்து வாங்கி, தேங்காய் அரைத்துப் புளி விட்டு வற்றவைத்தால் பெரியவர்கள் முள்ளோடே மென்றுவிடலாம், கால்சியமும் கிடைக்கும். செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து வாங்குங்கள். விலை குறைவென்று வயிறு உடைந்த மீனை எடுக்க வேண்டாம்.

கிழங்கை நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கு என்றால் யோசிக்காமல் தூரப் போடுங்கள்.

ஜூன், ஜூலையில் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை, மீன் விலை ஏறிவிடும். அப்போது சிறுபயறு போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்). கீரைக்குத்தான் காசே வேண்டாமே, பக்கத்து வீட்டு மரம் இருக்கிறது!