படைத்தளபதி ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை: மானெக்‌ஷாவை முன்வைத்து

முதலில் பணிவரலாற்றை ஆண்டுவாரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுவையான கதைகளை அதன்பின் சேர்க்கலாம். பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவைப் பற்றிய கட்டுரைகள் பலவும் அவருடைய கிண்டல் பேச்சிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுவதால், 1914இல் அமிர்தசரஸில் பிறந்து, 1932இல் டேராடூன் இந்திய ராணுவ அகாதெமியின் முதல் அணியில் சேர்ந்த அவர், 1969இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாகும்வரை கடந்த படிகள் வாசகருக்குத் தெரியாமலே போகின்றன.

ஒவ்வொரு பதவியையும் குறிக்கும்போது, அது படையைக் களத்தில் நடத்திய பொறுப்பா, தலைமையகத்தில் திட்டமிட்ட பொறுப்பா என்பதைத் தெளிவுபடுத்துங்கள். 1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் பாலத்தருகே ஜப்பானியரின் குண்டுகளால் படுகாயமுற்றபோது அவர் ஒரு கம்பெனியை (காலாட்படையின் சிறு பிரிவை) நடத்திய கேப்டன். மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது அந்தச் சண்டைக்கானது. 1947-48 காஷ்மீர்ப் போரின்போதோ, அவர் டெல்லியில் ராணுவ நடவடிக்கைப் பிரிவில் இருந்தார். ரெஜிமென்ட்டின் பெயரிலும் கவனம் வேண்டும். அவர் தொடக்க காலத்தில் பணியாற்றிய 12ஆம் ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட் பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. கூர்க்கா ரெஜிமென்ட் வீரர்களுடனான உறவு அதற்குப் பின் வந்தது.

புகழுரை எழுதுவோர் தாண்டிச் செல்லும் இடங்களில்தான் நீங்கள் நிற்க வேண்டும். நீலகிரியின் வெலிங்டனில் ராணுவப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது அவர்மீது விசாரணை நடந்தது. அரசியல் தலைமைக்கும் தளபதிகளுக்கும் இடையே அப்போது நிலவிய கசப்பைச் சொல்லாமல் அதை விளக்க முடியாது. குற்றமற்றவர் என்று முடிவானபின்னும் அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது. 1962இல் சீனாவிடம் அடைந்த தோல்விக்குப் பின்னரே, அசாமின் தேஜ்பூரில் இருந்த 4ஆம் கோர் என்ற பெரும் படைப்பிரிவுக்குத் தலைமையேற்க அவரை அனுப்பினார்கள். என் கணிப்பில், அவருடைய வாழ்க்கையின் உண்மையான திருப்பம் இதுவே.

1971 இந்திய-பாகிஸ்தான் போரைப் பற்றி எழுதும்போது அதிகாரப் படிநிலையைக் குழப்பாதீர்கள். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தானின் கிழக்குப் படைத்தளபதி நியாசியின் சரணடைவை ஏற்றுக் கையெழுத்திட்டவர் இந்தியாவின் கிழக்குக் கட்டளைத் தளபதி ஜக்ஜித் சிங் அரோரா. மானெக்‌ஷா அங்கு இல்லை. அதேபோல, ஏப்ரலிலேயே போர் தொடுக்க மறுத்து, மழைக்காலத்தைக் காரணம் காட்டி இந்திரா காந்தியிடம் அவர் அவகாசம் கேட்டார் என்ற புகழ்பெற்ற நிகழ்வு, பிற்காலத்தில் அவரே மேடைகளில் சொன்னது. வரலாற்றாசிரியர்களிடையே இதில் மாற்றுக்கருத்து உண்டு. ஆகவே "நடந்தது" என்று எழுதாமல், "அவர் நினைவுகூர்ந்தார்" என்றே எழுதுங்கள்.

இறுதிப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கலாம். 1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் ஆனதும், அதே மாதத்தில் பணியிலிருந்து விலகியதும், குன்னூரில் குடியேறியதும், 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானதும் நான்கைந்து வரிகளுக்குள் அடங்கிவிடும்.