காசநோயால் சிதைந்த நுரையீரலை அகற்றிய பிறகு: வருடக்கணக்கில் கவனிக்க வேண்டியவை

காசநோய் முற்றி ஒரு பக்க நுரையீரல் முழுதும் சிதைந்துபோனால், அது மூச்சுக்கு அநேகமாக உதவுவதில்லை. சளியும் கிருமியும் தேங்கும் கூடாக, அவ்வப்போது ரத்தம் கசியும் இடமாக மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் அதை அகற்றிய பிறகு பலருக்கு மூச்சுத்திறன் பயந்த அளவுக்குக் குறைவதில்லை.

அகற்றிய பகுதியைக் காசநோய் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்பினார்களா என்று கேட்டு, ரிசல்ட்டை வாங்கி வையுங்கள். காசநோய் மாத்திரையை எவ்வளவு நாள் தொடர்வது என்பதை மருத்துவர் அதையும் பார்த்தே முடிவு செய்வார். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால், மிச்சமுள்ள நுரையீரலில் நோய் திரும்பலாம்.

அகற்றிய இடத்தில் முதலில் காற்று இருக்கும். சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் உடலே நீர் சுரந்து அதை நிரப்பிவிடும். எக்ஸ்ரேயில் நீர்மட்டம் மெல்ல ஏறி, கடைசியில் அந்தப் பக்கம் முழுதும் வெள்ளையாகத் தெரியும். ஆறுகிற விதமே இதுதான். விவரம் தெரியாத இடத்தில் இதே படத்தைப் பார்த்து, ‘நீர் கோத்திருக்கிறது’ என்று ஊசியால் உறிஞ்சினால், சுத்தமான நீரில் கிருமி புகுந்து சீழ் பிடிக்கலாம். எனவே டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசி எக்ஸ்ரேயும் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கையில் இருக்கட்டும். சலைன் ஏற்றும் முன்பும் சொல்லிவிடுங்கள். முழு ரத்த ஓட்டத்தையும் ஒரே நுரையீரல் தாங்குவதால், அளவு மீறினால் அதில் நீர் கோத்துவிடும்.

ஏற வேண்டிய நீர்மட்டம் இறங்கினால்தான் ஆபத்து. தைத்து மூடிய மூச்சுக்குழாய் முனை விட்டுப்போயிருக்கலாம். தண்ணீர் மாதிரி இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ திடீரென வாய்நிறைய சளி வரும், காய்ச்சலும் சேரலாம். உடனே நிமிர்ந்து உட்காருங்கள். படுத்தாக வேண்டுமென்றால் ஆபரேஷன் செய்த பக்கம் கீழே இருக்கட்டும். நல்ல பக்கம் கீழே இருந்தால் அந்த நீர் நேராக அதற்குள் வடிந்துவிடும். அப்படியே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வலப்பக்கம் அகற்றியவர்களுக்கு இப்படி முனை விடுவது அதிகம். அங்கே முனையைச் சுற்றி மூடும் திசு குறைவு. முதல் 3 மாதங்களில்தான் பெரும்பாலும் வரும் என்றாலும், சீழ் மட்டும் வருடங்கள் கழித்தும் பிடிக்கலாம்.

வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகி, உடம்பே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் ஏறுவதுபோல் கையை உயர்த்துங்கள்: ஒரு வேளைக்கு 10 முறை, தினம் 3 வேளை. தையல் இழுத்தால் அந்த உயரத்தில் நிறுத்தி, மறுநாள் ஒரு விரற்கடை கூட்டினால் போதும். மருத்துவர் அனுமதிக்கும்வரை, வழக்கமாக 6 முதல் 8 வாரங்கள், 5 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். தினமும் நடங்கள், நடக்கும்போது ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிவதுதான் சரியான வேகம்.

புகை அறவே கூடாது. ஃப்ளூ தடுப்பூசி வருடத்துக்கு ஒருமுறை, நிமோனியா தடுப்பூசி மருத்துவர் சொல்லும் கணக்கில். ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து மூச்சுத்திறனை அளக்கும் பரிசோதனை) அளவுகளைத் தேதியோடு ஒரே நோட்டில் எழுதிவந்தால் சரிவு முன்கூட்டியே தெரியும்.

கால் வீக்கமோ, மூச்சு விடும்போது புதிதாக விசில் சத்தமோ வந்தால் காத்திருக்க வேண்டாம். ஒரு பகுதி மட்டும் அகற்றியவர்களுக்கு, மிச்சமுள்ள பழைய குழிகளில் பூஞ்சை வளர்வதுண்டு. அதனால் சளியில் மறுபடி ரத்தம் தெரிந்தால், ஒரு ஸ்பூன் அளவே ஆனாலும், காசநோய்ப் பரிசோதனையோடு பூஞ்சைக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.