மாடி வீட்டுக்கு ஆள் நிலைச்ச கதை

திருப்பூர்ல எங்க வீட்டு மாடியில ரெண்டு போர்ஷன். ஆப் மூலமா நாள் வாடகைக்கு விட்டிருந்தேன். வாரத்துல ரெண்டு நாள் ஆள், மீதி நாள் பூட்டு. கமிஷன் போக வந்தது சலவைக்கும் கூட்டிப் பெருக்கறதுக்குமே சரியாப் போச்சு.

வந்தவங்க பேர் எழுதற நோட்டைப் புரட்டினப்போதான் கவனிச்சேன். பாதிப்பேர் பனியன் கம்பெனிக்கு ஷிப்மென்ட் செக்கிங் வர்ற க்யூசி, அதாவது தரம் பாக்கற ஆளுங்க. மாசாமாசம் ஊருக்கு வர்றாங்க, எங்ககிட்ட மட்டும் திரும்ப வர்றதில்ல. ஒருத்தர்கிட்டக் கேட்டேன்.

"ஏனுங்க, சென்னை ட்ரெயின் விடியக்காலைல எறக்கி விட்டுருது. நீங்க பன்னெண்டு மணிக்குத்தான் சாவி தர்றீங்க. அதுவரைக்கும் பையத் தூக்கிட்டு எங்கீங்க போறது?"

அன்னைக்கே மாத்தினேன். ரூம் காலியா இருந்தா அஞ்சு மணிக்கும் கதவு திறக்கும், ஹீட்டர் போட்டிருக்கும். சாம்பிளை விரிச்சு டேப் வெச்சு அளக்க, ட்யூப் லைட்டுக்கு நேர் கீழ ஆறடி மேசை ஒண்ணு போட்டேன். அந்த மேசைதான் அவங்களைத் திரும்ப வர வெச்சுது.

ஆப்ல வந்த புக்கிங்கை ஆப்லயே முடிச்சிருவேன். கமிஷனை மிச்சம் பிடிக்க நடுவுல ரத்து பண்ணச் சொல்றது முறையில்லீங்க. அடுத்த ஷிப்மென்ட்டுக்கு அவங்களே நேரா போன் பண்ண ஆரம்பிச்சாங்க.

அதுல ஒரு தம்பி குடும்பத்தோட குடி வர்றேன்னார். பதினோரு மாச வாடகைக்குப் பேசி முடிச்சோம். 2017 வாடகைச் சட்டப்படி வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரிகிட்டப் பதியணும். பதிஞ்சோம். நாள் கணக்கைவிட வாடகை குறைவுதான், ஆனா அந்தப் போர்ஷன் பூட்டிக் கிடக்கறதில்ல. நேத்து அவங்க வீட்டம்மா அரிசிம்பருப்புச் சாதம் கொண்டாந்து குடுத்தாங்க.