பிள்ளையோடு தனியே மீண்டும் கல்லூரிக்கு: ஒன்ராறியோவில் எதை முதலில் செய்வது

ஒன்ராறியோவில் தனித்தாயாக இருந்துகொண்டு கல்லூரிக்குத் திரும்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் பாடநெறியைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதைக் கடைசிக்கு விடுங்கள். முதலில் வரிக் கணக்கு, அடுத்தது பிள்ளைக்கு இடம், பிறகு சான்றிதழ்கள், அதற்குப் பிறகு பாடநெறி. இந்த வரிசை குலைந்தால் செப்டெம்பரில் அனுமதிக் கடிதம் கையில் இருக்கும், பிள்ளையை விட இடம் இருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ளவர்களுக்கும், அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும். படிப்பு விசாவில் இருப்பவர்களுக்கு ஓசாப் (ஒன்ராறியோ அரசின் மாணவர் நிதியுதவி) கிடையாது.

கணவரைப் பிரிந்து 90 நாள் கடந்ததும் கனடா வருமானவரி நிறுவனத்துக்கு, திருமண நிலை மாறியதை அறிவிக்கும் ஆர்சி 65 படிவத்தைக் கொடுங்கள். விவாகரத்துத் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அறிவிக்கும் வரை பிள்ளைக் காசு (பிள்ளை வளர்க்க அரசு மாதாமாதம் தரும் பணம்) இருவர் வருமானத்தையும் சேர்த்தே கணக்கிடப்படும். ஓசாப்பும் உங்கள் வருமானத்தை அங்கேதான் சரிபார்க்கிறது. அங்கே ‘மணமானவர்’, ஓசாப் விண்ணப்பத்தில் ‘தனித்தாய்’ என்று இருந்தால் கேள்விக்கு மேல் கேள்வி வரும், காசு தள்ளிப்போகும். ஒரு சதம்கூட உழைக்காத ஆண்டுக்கும் ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் ஜூலையில் பிள்ளைக் காசு நின்றுவிடும்.

ரொறன்ரோவில் டேகெயார் கட்டண உதவிக்கு நகரசபையிடம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காத்திருப்போர் பட்டியலில் விண்ணப்பித்த திகதிக்கு மதிப்பு உண்டு என்பதால், கல்லூரியில் அனுமதி கிடைக்கும் முன்பே பெயரைப் பதியுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்: கட்டண உதவி வேறு, இடம் வேறு. உதவி கிடைத்தாலும் நிலையத்தில் இடத்தை நீங்கள்தான் பிடிக்க வேண்டும், அதுவும் நகரசபையோடு ஒப்பந்தம் உள்ள நிலையத்தில். அரசுத் திட்டத்தில் சேர்ந்த நிலையங்கள் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்க முடியாது. 2025 ஜனவரியிலிருந்து இதுதான் உச்சவரம்பு. பள்ளிக்கு முன்னும் பின்னும் பார்க்கிற பராமரிப்பில், பெரிய பிள்ளைகளுக்கு இந்த வரம்பு இல்லை. நகரசபை உதவி அவர்களுக்கும் உண்டு, 13 வயதுக்குக் கீழே இருந்தால்.

சான்றிதழ்களில் நம்மவர்களுக்கு வரும் சிக்கல் பெயர். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் விரிந்து குடும்பப் பெயராக, பிஆர் காட்டில் கணவர் பெயர் என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். மூன்றும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி ஒன்றை நொத்தாரிசு முன் முடித்து, பிறப்பு, திருமணச் சான்றிதழ் பிரதிகளோடு ஒரே கோப்பில் வையுங்கள். தமிழில் உள்ளவற்றை ஒன்ராறியோ மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்று பெற்றவரிடம் கொடுங்கள். தெரிந்த அண்ணா நன்றாக ஆங்கிலம் எழுதுவார் என்பது இங்கே செல்லாது.

ஊரில் பட்டம் பெற்றவர்கள் அதை வெஸ் (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனம்) மூலம் மதிப்பிடும்போது, பாடம் பாடமாகப் புள்ளி காட்டும் அறிக்கையைக் கேளுங்கள். பட்டத்தை மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை பாட விலக்கு (முன்பே படித்த பாடத்தை மறுபடி எடுக்காமல் விடும் அனுமதி) கேட்கப் போதாது. பெறுபேற்றுப் பட்டியலைப் பல்கலைக்கழகமே அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணமோ மதுரையோ, இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆனால் எல்லோருக்கும் இந்தச் செலவு வேண்டியதில்லை. 19 வயது கடந்தவர்கள் முதிர்ந்த மாணவர் என்ற பிரிவில், பல பாடநெறிகளுக்குக் கல்லூரியின் ஆங்கிலத் தேர்வை எழுதியே நுழையலாம். தாதியத்துக்கு அது மட்டும் போதாது: உயிரியல், வேதியியல், கணிதம் கேட்பார்கள். அவற்றைக் கல்லூரிகளின் ‘ஏஸ்’ என்ற முன்தயாரிப்பு வகுப்பில் கட்டணமில்லாமல் படிக்கலாம்.

பாடநெறியைத் தேர்ந்தெடுக்கும்போது இணைப்பாளரிடம் ஒரு கேள்வி: “பயிற்சி எத்தனை மணிக்குத் தொடங்கும்?” பிஎஸ்டபிள்யூ (முதியோர், நோயாளர் பராமரிப்பு உதவியாளர்), தாதியம் இரண்டிலும் முதியோர் இல்ல, மருத்துவமனைப் பயிற்சி காலை 7 மணிக்கே தொடங்குவது சாதாரணம். டேகெயாரும் அதே 7 மணிக்கோ அதற்குப் பிறகோதான் திறக்கும். பஸ்ஸில் போக முக்கால் மணி நேரம். மாலை முறை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விட ஒருவரை, அவருக்கு முடியாத நாளுக்கு இன்னொருவரை, பயிற்சி தொடங்கும் முன்பே பேசி வையுங்கள்.

இனி ஓசாப். இதில் மறக்கக் கூடாத எண் 60. முழுநேர மாணவராக இருக்க ஒரு தவணையின் முழுப் பாடச்சுமையில் குறைந்தது 60 வீதம் எடுக்க வேண்டும். மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு 40 வீதம். ஊர்ப் படிப்பைக் காட்டிப் பாட விலக்கு வாங்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள். ஐந்து சம அளவுப் பாடங்களில் இரண்டுக்கு விலக்கு என்றால் மிச்சம் மூன்று, சரியாக 60. மூன்றுக்கு விலக்கு வாங்கினால் அந்தத் தவணையில் நீங்கள் பகுதிநேர மாணவர், முழுநேர உதவி போய்விடும். மேலதிக விலக்கு கிடைத்தால் அடுத்த தவணைப் பாடம் ஒன்றை முன்னுக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஓசாப் காசில் கல்லூரிக் கட்டணம் முதலில் கழியும். மிச்சம்தான் உங்கள் கணக்குக்கு வரும், அதுவும் வழக்கமாக இரண்டு பகுதியாக. செப்டெம்பர் வாடகையை அதை நம்பி வைக்காதீர்கள். ஒரு மாத வாடகையும் டேகெயார் காசும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். வெல்ஃபெயாரில் (அரசின் சமூக உதவிப் பணத்தில்) இருப்பவர்கள் அலுவலரிடம் முதலே சொல்லிவிடுங்கள். முழுநேரப் படிப்போடு ஓசாப் தொடங்கினால் வெல்ஃபெயார் பொதுவாக நிற்கும், எந்தத் திகதியில் நிற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பிள்ளைக்கு நோய், ஒரு பாடத்தை விட வேண்டும் என்ற நிலை வந்தால், இணையத்தில் ‘டிராப்’ அழுத்தும் முன் நிதியுதவி அலுவலகத்துக்குப் போங்கள். 60க்குக் கீழே போனால் வாங்கிய மானியம் கடனாக மாறக்கூடும். அவசர உதவிப் பணம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.