சிந்துவெளிப் பெண்ணுக்குக் காஞ்சிப் பட்டு எதற்கு?

தமிழ்ப்பள்ளியில் கலை இரவு வந்துவிட்டால் போதும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வாடகை உடை தேடி ஓடுவோம். 'பழங்கால உடை வேணும்' என்று கேட்டால் பரதநாட்டிய உடை ஒன்று, கோயில் நகை செட் ஒன்று, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, எல்லாம் ஒரே பையில் வரும். அதே பை சிந்துவெளிப் பெண்ணுக்கும் போகும், அசோகர் மகளுக்கும் போகும், கண்ணகிக்கும் போகும். சிந்துவெளி நகரங்கள் செழித்தது கி.மு. 2600 வாக்கில், அசோகர் காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு, நடுவில் 2000 வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. அந்தத் தைத்த நடன உடையோ 1930களுக்குப் பிறகு உருவானது. முதலில் எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள். செலவும் குறையும்.

சிந்துவெளிக்கு எல்லாரும் மொகஞ்சதாரோ நடனப் பெண் சிலையைத்தான் மாதிரியாக எடுக்கிறார்கள், ஆனால் சிலையைச் சரியாகப் பார்ப்பதில்லை. சுமார் 10.5 செ.மீ. உயர வெண்கலச் சிலை அது. இடது கை முழுக்க, மேலிருந்து மணிக்கட்டு வரை, 25 வளையல் போல அடுக்கியிருக்கும். வலது கையில் நாலே நாலு, முழங்கைக்கு மேலே இரண்டு, மணிக்கட்டில் இரண்டு. நாம் இரண்டு கைக்கும் சமமாகக் கவரிங் வளையல் மாட்டிவிடுகிறோம். தங்கநிறமே தேவையில்லை, வெள்ளை வளையல் வாங்குங்கள். அந்த மக்கள் சங்கை அறுத்து வளையல் செய்தவர்கள். உடைக்கு மட்டும் அந்தச் சிலையை நம்பாதீர்கள், அதில் உடையே கிடையாது! சுடுமண் பெண் பொம்மைகளைப் பாருங்கள்: இடுப்பில் குட்டைத் துணி, மேலே மணிப்பட்டை, தலையில் விசிறி மாதிரி விரிந்த அலங்காரம். அல்லாதினோ என்ற சிந்துவெளி ஊரில் 36 நீளமான சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள் கோத்த பட்டை ஒன்று கிடைத்திருக்கிறது. ஆரஞ்சும் சிவப்பும் கலந்த பிளாஸ்டிக் மணியைக் கோத்தாலே மேடையில் அந்தச் சாயல் வந்துவிடும்.

ஆண் பிள்ளைக்குத் தங்கக் கிரீடம் வேண்டாம். மொகஞ்சதாரோவில் கிடைத்த ஆண் சிலைக்குப் 'பூசாரி அரசன்' என்பது பின்னால் வந்தவர்கள் வைத்த பேர். சிலையில் இருப்பது தலையில் ஒரு பட்டை, வலது கையில் ஒரு பட்டை, வலது தோளை விட்டுப் போர்த்திய, மூவிதழ் வடிவங்கள் போட்ட போர்வை, அவ்வளவுதான்.

ஜரிகை போட்ட பட்டுத் துணியையும் விட்டுவிடுங்கள். ஹரப்பாவில் காட்டுப்பட்டு இழை கிடைத்தது உண்மைதான், அதற்காக அது காஞ்சிப் பட்டு ஆகிவிடாது. மொகஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு தப்பிய பருத்தித் துணியில் மஞ்சிட்டி வேரிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் இருந்தது. ஆக, சிவப்புப் பருத்தித் துணி போதும்.

அசோகர் மகள் வேடத்துக்கு ரவிக்கைதான் பெரிய தலைவலி. அந்தக் காலத்தை ஒட்டிய பார்ஹுத், சாஞ்சி பௌத்தத் தூபிச் சிற்பங்களில் பெண்களின் மேலுடம்பில் பெரும்பாலும் நகைதான் இருக்கும். பள்ளி மேடையில் அது நடக்காது, சரி. ஆனால் பஃப் கை வைத்த ரவிக்கைக்குப் பதில், உள்ளே பனியன் போட்டு மேலே கச்சு மாதிரி ஒரு துணியை இறுக்கிக் கட்டலாம். மூக்குத்தியையும் கழற்றிவிடுங்கள், அந்தச் சிற்பங்களில் மூக்கணி கிடையாது. அதற்காகப் 'பழைய இந்தியாவில் தைத்த துணியே இல்லை' என்று மைக்கில் அறிவிக்கவும் வேண்டாம். மதுராவில் கிடைத்த குஷாண அரசர் கனிஷ்கர் சிலைக்குத் தலை இல்லை, ஆனால் நீள அங்கியும் கனத்த பூட்ஸும் நன்றாகவே தெரிகின்றன.

கண்ணகிக்குக் கொலுசு மாட்டுவதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. சிலம்பு உள்ளே கூடானது, அதில் பரல் போட்டிருப்பார்கள். கண்ணகி சிலம்பில் மாணிக்கம், அரசி சிலம்பில் முத்து. வழக்கே அதில்தானே தீர்கிறது! கொலுசைப் போட்டு உடைத்தால் எதைக் காட்டுவது? அட்டைக் குழாயை வளைத்து, தங்கத்தாள் ஒட்டி, சிவப்பு மணி நிரப்பி, உடைகிற இடத்தை முன்கூட்டியே கீறி வையுங்கள். அமெரிக்க வைரம் பதித்த அட்டிகைக்குப் பதில் மணிமாலை போடுங்கள். தமிழ்நாட்டில் அகழாய்வு நடந்த கொடுமணலில் சூதுபவளம், படிகம், பச்சைக்கல் எல்லாம் மணியாகத் தேய்த்திருக்கிறார்கள். நம்ம பக்கம் பேராக் கோலா செலின்சிங்கிலும், கெடா பூஜாங் பள்ளத்தாக்கிலும் பழைய மணிகள் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. பினாங்குப் பள்ளிகளுக்கு மெர்போக்கில் உள்ள பூஜாங் அருங்காட்சியகம் ஒரு நாளில் போய் வருகிற தூரம்தான், ஒத்திகைக்கு முன்பே பிள்ளைகளை ஒரு நடை கூட்டிப் போய் வாருங்கள்.